துருப்பிடிக்காத டாங்கிக்குத் துரு

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த டாங்கி மாடல் ஒன்றைக் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மழையில் எத்தனை வருடம் போட்டுவைத்தாலும் அது துருப்பிடிக்காது. அதில் இரும்பு கிடையாது. ஆனாலும் தேர்ந்த கைகள் செய்த மாடலைப் பார்த்தால், புகைக்குழாயில் செம்பழுப்பு படர்ந்திருக்கும். போல்ட்டுக்குக் கீழே துருநீர் வழிந்த கோடு இருக்கும். சங்கிலிப்பட்டையின் இடுக்குகளில் சேறு காய்ந்திருக்கும். அத்தனையும் தூரிகையால் வந்தவை. பார்ப்பவரை நம்பவைக்கக் கைத்திறன் மட்டும் போதாது. நீர் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த வழியாக வடிந்தது என்ற கணக்கு வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் வரைந்தால் ஒவ்வொரு துருப்புள்ளிக்கும் ஒரு காரணம் இருக்கும். தெரியாதவர் வரைந்தது பழுப்புப் பெயின்டாகவே நின்றுவிடும்.

அந்தக் கணக்கைப் படிக்க நெய்யூர் வட்டாரம் அருமையான இடம். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடற்கரைகள் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் இது. மழையில்லாத மாதங்களிலும் உப்புக்காற்று ஓய்வதில்லை. ஜன்னல் கம்பி, வாசல் கேட், கிணற்றுக் கப்பி, கரையில் கிடக்கும் நங்கூரம் என எதைப் பார்த்தாலும் அதில் துருவின் பாடம் ஒன்று இருக்கும்.

ஒரு துளிக்குள் நடப்பது

துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்வது என்று பள்ளியில் படிக்கிறோம். அது பாதி விளக்கம்தான். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்வு. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவான்ஸ் இதைக் காட்ட ஓர் எளிய சோதனையைச் செய்தார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீர். அவ்வளவுதான் தேவை.

துளியின் விளிம்பில் நீர் மெல்லிய படலமாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் உள்ளே இறங்கும். நடுவில் நீர் ஆழமாக இருப்பதால் ஆக்சிஜன் குறைவு. இந்த வேறுபாடே துளியை ஒரு சிறு மின்கலமாக்குகிறது. நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே விளிம்புக்குப் போய், அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இரண்டு வகை அயனிகளும் நீருக்குள் நகர்ந்து, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் சந்திக்கின்றன. துரு படிவது அந்த இடத்தில்தான், வளையமாக. இரும்பு அரிக்கப்படும் இடம் ஒன்று; துரு தெரியும் இடம் வேறொன்று.

மாடல் செய்பவருக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. உண்மையான துருப்புள்ளி ஒரே நிறத்தில் நிரப்பிய வட்டமாக இருக்காது. நடுவில் கருத்த சிறு குழி இருக்கும், அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், அதற்கும் வெளியே மங்கலான மஞ்சள் கறை. தூரிகை நுனியால் இந்த மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டால், கண் அதைத் துரு என்று உடனே ஏற்றுக்கொள்ளும்.

உப்பு செய்யும் வேலை இரண்டு. நீரில் கரைந்து மின்சாரம் எளிதாகப் பாய வழிசெய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை நனைத்தே வைக்கிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தொடும்போது தானாகவே நீராகக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அதனால் மழையே பெய்யாத இரவிலும் கடலோரத்து ஜன்னல் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும்.

1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, அவை இழந்த எடையை அளந்து, இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தைத் தயாரித்தது. இரும்பு எந்த ஊரில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை அது காட்டுகிறது. மாடலுக்கு வண்ணம் தீட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: இந்த டாங்கி எந்த ஊரில் நிற்கிறது?

தார் பாலைவனமும் சைப்பான் கடலும்

1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்த சண்டையில் பாகிஸ்தான் இழந்த டி-59 டாங்கிகள் அங்குள்ள நினைவிடத்தில் வைக்கப்பட்டுள்ளன. தார் பாலைவனத்தின் வறண்ட காற்றில் துரு மெதுவாகத்தான் வளரும். அங்கே டாங்கியின் தோற்றத்தை மாற்றுபவை மணலும் வெயிலும். காற்றில் பறக்கும் மணல் விளிம்புகளில் பெயின்டைத் தேய்க்கும். புற ஊதாக் கதிர் பெயின்டைப் பிடித்து வைத்திருக்கும் பிசினைச் சிதைத்து, மேற்பரப்பைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறச் செய்யும்.

அதற்கு நேர்மாறான காட்சி பசிபிக் கடலின் சைப்பான் தீவில் இருக்கிறது. 1944 சண்டையில் கைவிடப்பட்ட அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் அங்கே ஆழமற்ற கடலில் பாதி மூழ்கி நிற்கின்றன. கடலில் நிற்கும் இரும்பு எல்லா உயரத்திலும் ஒரே மாதிரி அரிபடுவதில்லை. எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. அலை தெறித்து நனைவதும் காய்வதுமாக இருக்கும் பகுதிக்கு நீர், உப்பு, ஆக்சிஜன் மூன்றும் தாராளம். மிக மோசமான சேதம் அந்தத் தெறிப்புப் பட்டையில்தான் நிகழும். நம் கடற்கரைகளில் நீரில் நிற்கும் எந்த இரும்பிலும் இந்தப் பட்டையைத் தேடிப் பார்க்கலாம்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரான விஜயந்தா டாங்கியை ஒருவர் மாடலாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜஸ்தான் எல்லையில் ஓடும் வண்டியாக வரைந்தால் அதற்குத் தூசியும் வெளிறலும் போதும். பணியிலுள்ள டாங்கியைப் படைவீரர்கள் துடைத்து, எண்ணெயிட்டு, பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். உடல் முழுக்கத் துருவைப் பூசினால் அது அவர்களின் உழைப்பை அழிப்பதாகும். ஓய்வுபெற்றுக் கடலோர நகரம் ஒன்றில் மேடைமேல் நிற்கும் விஜயந்தா என்றால் கதை வேறு. அங்கே மழைநீர் தேங்கும் குழிகளிலும், ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் துருவுக்கு இடமுண்டு.

நிறம் சொல்லும் வயது

துரு ஒற்றைப் பொருளாக இருப்பதில்லை. இரும்பின் ஆக்சைடுகளும் ஆக்சி ஹைட்ராக்சைடுகளும் கலந்த கலவை அது. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். ஈரம்பட்ட இரும்பில் முதலில் தோன்றும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் லெபிடோகுரோசைட். மாதங்களும் வருடங்களும் போகப் போக அது நிலையான கோத்தைட்டாக மாறும். நிறம் மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து அடர்பழுப்புக்கு நகரும். ஆக்சிஜன் எட்டாத அடியடுக்கில் கருநிற மேக்னடைட் உருவாகும். உப்புக்காற்று பலமாக அடிக்கும் இடங்களில் குளோரைடைத் தன் படிகத்துக்குள் பிடித்துவைக்கும் அகாகனைட் என்ற வகையும் வரும். ஜப்பானிலுள்ள அகாகனே சுரங்கத்தின் பெயர் அதற்கு.

ஆகவே துருவின் நிறம் அதன் வயதைக் காட்டுகிறது. நேற்றைய மழையில் கீறல் நனைந்திருந்தால் ஆரஞ்சு. பல வருடம் கிடந்த இரும்பு என்றால் கரும்பழுப்பு, அதன் மேல் அண்மை மழையின் ஆரஞ்சு ஓரிரு இடங்களில் மட்டும். முழு மாடலையும் ஆரஞ்சில் குளிப்பாட்டுவது புதியவர்கள் பலரும் செய்வது. அப்படி வரைந்தால் முழு டாங்கியும் ஒரே இரவில் துருவேறியதாக அர்த்தம் வந்துவிடும்.

சிவப்புக்குத் தனிக் காரணம் உண்டு. கோத்தைட்டைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதிலுள்ள நீர் வெளியேறி ஹேமடைட் ஆகும். ஹேமடைட் செந்நிறம் கொண்டது. சூளையில் வேகும் செங்கல் சிவப்பதற்குக் காரணமும் இதுவே. டாங்கியின் புகைக்குழாய் மெல்லிய இரும்புத் தகடு, சூட்டில் பெயின்ட் கருகி உதிர்ந்துவிடும், பின் மழை. அதனால் அங்கே துரு விரைவாக வருகிறது, மற்ற இடங்களைவிடச் சிவந்தும் இருக்கிறது. தீப்பிடித்து எரிந்த டாங்கி செம்பழுப்பாகத் தெரிவதற்குக் காரணமும் இந்த வெப்பம்தான்.

இந்த நிறங்களை மாடலுக்குக் கொண்டுவரும் பொருளைப் பாருங்கள். துருத்தூள் என்று விற்கப்படும் நிறமிப் பொடிகளில் பெரும்பாலானவை இரும்பு ஆக்சைடுகளே. மஞ்சள் ஆக்சைடு என்பது கோத்தைட், சிவப்பு ஆக்சைடு என்பது ஹேமடைட், கறுப்பு ஆக்சைடு என்பது மேக்னடைட். ஓவியர்களின் பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் ஆகியவையும் இரும்பு கலந்த மண்ணைச் சுட்டு எடுத்தவை. கோயில் மதிலில் காவிப்பட்டை தீட்டும் செங்காவியும் இதே குடும்பம். பிளாஸ்டிக்கின் மேல் நாம் தூவுவது வேதியியல்படி அசல் துரு.

இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர் நெய்யூருக்கு அருகிலேயே இருக்கிறார். மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்த பிறகு உலகம் அதைக் கவனித்தது. அந்தக் கடற்கரையைக் கறுப்பாக்கும் இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பிணைந்துள்ளன. டைட்டானியத்தைப் பிரித்தால் டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது இன்று உலகெங்கும் வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தரும் பொருள். பிரிந்துவரும் இரும்பும் வீணாக வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலுள்ள டி.சி.டபிள்யூ ஆலை இல்மனைட்டிலிருந்து கரைத்தெடுத்த இரும்பைக் கொண்டு இரும்பு ஆக்சைடு நிறமிகளைத் தயாரிக்கிறது. மாடலின் வெளிறலுக்கு வேண்டிய வெள்ளையும் துருவுக்கு வேண்டிய காவியும் ஒரே கருமணலிலிருந்து கிடைக்கக்கூடியவை.

எந்த உறுப்பில் எந்தத் துரு

டாங்கியின் எல்லாப் பாகமும் ஒரே இரும்பால் ஆனதல்ல. கவசத் தகடுகள் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் போன்றவை கலந்த எஃகு; சாதாரண இரும்பைவிட மெதுவாகத் துருவேறும். சக்கரக் காப்புத் தகடுகளும் கருவிப் பெட்டிகளும் மெல்லிய சாதாரண எஃகு. வளைந்து, கீறல் விழுந்து, சீக்கிரம் ஓட்டையாகும். எம்-113 போன்ற படைவண்டிகளின் உடல் அலுமினியக் கலவை. அதில் காவித்துருவை வரைந்தால் அது வேதியியல் பிழை. அங்கே கீறல் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும்.

சங்கிலிப்பட்டையின் பாடத்தை இரணியல் ரயில் நிலையத்தில் படிக்கலாம். தண்டவாளத்தின் பக்கவாட்டு முழுவதும் பழுப்பு. சக்கரம் உருளும் மேற்பகுதி மட்டும் பளபளப்பு. ஒவ்வொரு ரயிலும் அன்றைய மெல்லிய துருவைத் தேய்த்துவிட்டுப் போகிறது. ஓடும் டாங்கியின் பட்டையிலும் அதே நியதி. தரையையும் சக்கரத்தையும் தொடும் முகங்கள் மின்னும், தொடாத இடங்கள் பழுப்பாகும். டாங்கி சில வாரம் ஓடாமல் நின்றுவிட்டால் மின்னிய முகங்களிலும் ஆரஞ்சு படரும்.

இன்னொரு நுட்பம், பெயின்ட் பெயர்ந்த இடத்தில் தெரியும் சிவப்பு எப்போதும் துருவாக இருக்காது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்டர்கள் முதலில் ரெட் ஆக்சைடு அடிப்பார்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளுக்கும் செந்நிற முதற்பூச்சு இருந்தது. அதன் நிறமியான ஹேமடைட் ஏற்கெனவே முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதால் மேலும் மாறாது. எனவே சிறு கீறலில் ரெட் ஆக்சைடு மட்டும் தெரியும். ஆழக் கீறலில்தான் உள்ளிருக்கும் இரும்பும், அதன் துருவும் தெரியும். நல்ல மாடலில் இந்த அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்படும்.

இயற்பியல் சுருங்குவதில்லை

டாங்கி மாடல்களில் பரவலான அளவு 1/35. ஜப்பானின் டமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரை ஓட்டும் பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த அளவு அது. பிறகு உலக வழக்கமாகிவிட்டது.

டாங்கியை 35 மடங்கு சுருக்கலாம். நீர்த்துளியைச் சுருக்க முடியாது. துளியின் அளவைத் தீர்மானிப்பவை நீரின் பரப்பு இழுவிசையும் புவியீர்ப்பும். மாடலின் மேல் விழும் 2 மில்லிமீட்டர் மழைத்துளி, அந்தச் சிறிய உலகில் 7 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது; சாத்துக்குடி அளவு மழைத்துளி அது. ஆகவே இரும்பில் மாடல் செய்து முற்றத்தில் போட்டுத் துருவேற்றினாலும் பலன் இல்லை. துருவின் பொருக்கும் கறையும் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். பெயின்டும் அப்படியே. மாடல்மேல் 25 மைக்ரான் தடிமனில் படியும் பூச்சு, 35 மடங்காக்கினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். உண்மை டாங்கியின் பூச்சு அவ்வளவு தடிமன் இருக்காது. அதனால்தான் ஏர்பிரஷ்ஷில் நீர்க்க நீர்க்க, மெல்லிய அடுக்குகளாக அடிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணின் எல்லையையும் கணக்கில் சேர்க்கலாம். மாடலை அரை மீட்டர் தள்ளிவைத்துப் பார்ப்பது, அசல் டாங்கியை 17.5 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். சராசரிக் கண் பிரித்தறியும் கோணம் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 17.5 மீட்டரில் அது சுமார் 5 மில்லிமீட்டர். மாடலில் 0.15 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய புள்ளியை வரைய முயல்வதில் பயனில்லை. மாறாக, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த கீறல் அசலில் மூன்றரை சென்டிமீட்டர் காயமாகிவிடும்.

கை செய்யும் வேலைகள்

இயற்கை சுருங்காததால் மாடல் கலைஞர்கள் வேறு பொருட்களைக் கொண்டு அதே விளைவை வரவழைக்கிறார்கள்.

பெயின்ட் பெயர்ந்த தோற்றத்துக்கு ஹேர்ஸ்ப்ரே. முதலில் துருநிறங்களைத் தீட்டி வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே, அதற்கும் மேல் டாங்கியின் பச்சை நிற அக்ரிலிக் பெயின்ட். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், மெல்லிய அக்ரிலிக் படலத்தின் நுண்துளைகள் வழியே நீர் இறங்கி ஹேர்ஸ்ப்ரேயின் பிசினை இளக்கும். பிடிப்பை இழந்த பச்சை, சில்லுச் சில்லாகப் பெயரும். உண்மையில் நடப்பதும் இதைப் போன்றதே. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு 2 முதல் 6 மடங்கு வரை பெருகி, பெயின்டைக் கீழிருந்து தள்ளுகிறது.

ஸ்பாஞ்சுக்கும் உப்புக்கும் இதில் இடமுண்டு. நம் கை புள்ளிகளை வைக்கும்போது தன்னையறியாமல் சீரான இடைவெளி விடும். இயற்கையின் தற்செயலில் அப்படி இருக்காது. சில இடங்களில் கும்பல், சில இடங்களில் வெறுமை. கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டை ஒற்றினாலோ, ஈரப்படுத்திய உப்புக் கற்களைத் தூவி மேலே பெயின்ட் அடித்துப் பிறகு உதிர்த்தாலோ அந்தத் தற்செயல் தானாக வந்துவிடும்.

இடுக்குகளின் அழுக்குக்கு வாஷ். மினரல் டர்பன்டைனில் மிக நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்டைத் தொட்டால் போதும், நுண்புழை ஈர்ப்பால் அது மூலைக்கும் போல்ட் ஓரத்துக்கும் தானே ஓடும். அதன் பரப்பு இழுவிசை நீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், திரளாமல் பரவுகிறது. அதற்குமுன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். மங்கலான பரப்பு நுண்ணளவில் கரடுமுரடானது; நிறமி அங்கங்கே சிக்கிக் கறையாகும். என்.சி. தின்னரை மட்டும் கிட்டே சேர்க்கக் கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். நிறமிப் பொடியைத் தூவும்போது முகக்கவசமும் வேண்டும்.

காயும் துளியின் ஓரத்தில் நிறம் அடர்ந்து வளையமாவதையும் பயன்படுத்தலாம். விளிம்பில் நீர் வேகமாக ஆவியாவதால், அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது, துகள்களையும் இழுத்துக்கொண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் விளக்கிய இந்த விளைவு, கிடைத்தளத்தில் நீர் தேங்கிக் காய்ந்த கறையை ஒரு துளி வாஷில் தந்துவிடுகிறது.

வழிந்த கோடுகளுக்குப் புவியீர்ப்பே வழிகாட்டி. துரு தொடங்கும் இடத்தில் ஆயில் பெயின்டைப் புள்ளியாக வைத்து, டர்பன்டைனில் லேசாக நனைத்த தட்டைத் தூரிகையால் நேர்கீழே இழுக்க வேண்டும். மேலே அடர்த்தி, கீழே மங்கல். தகட்டின் கீழ்விளிம்பில் துளி தொங்கி நெடுநேரம் காயாமல் நிற்பதால் அங்கே மறுபடி துரு கூடும். வாசல் கேட்டின் அடிக்கம்பி முதலில் இற்றுப்போவது இதனால்தான்.

வெளிச்சம் சேர்க்கும் கணக்கு

அசல் டாங்கியின் பெயின்டையே மாடலுக்கு அடித்தால் நிறம் இருண்டு தெரியும். தொலைவில் காற்று நிறத்தை வெளிறச் செய்வதுபோல மாடலிலும் செய்ய வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. மலைகளை வரைந்தவர்களுக்குக் காற்றின் இந்த வேலை நன்றாகத் தெரியும். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்று, நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் உழைத்த ஹோவார்ட் சாமர்வெல், இமயத்தை வண்ணத்தில் தீட்டிய ஓவியரும்கூட. கிலோமீட்டர் கணக்கில் விரியும் மலைக்காட்சியில் காற்று நிறத்தை மாற்றும். நம் மாடலின் தொலைவு 17.5 மீட்டர்தான். அதில் காற்றின் பங்கு மிகச் சொற்பம்.

வலுவான காரணம் வெளிச்சத்தில் இருக்கிறது. திறந்தவெளி நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அறையின் விளக்கு சில நூறு லக்ஸ். ஒளி கூடக்கூட நிறங்கள் செழிப்பாகவும் வேறுபாடுகள் கூர்மையாகவும் தெரிவது நம் பார்வையின் இயல்பு. முதலாவதை ஹன்ட் விளைவு என்றும் இரண்டாவதை ஸ்டீவன்ஸ் விளைவு என்றும் அழைக்கிறார்கள். வெயிலில் நிற்கும் டாங்கியை அறைக்குள் நினைவூட்ட, அடிநிறத்தில் சற்று வெள்ளை கலந்து, மேல்தளங்களை இன்னும் வெளிறவிட்டு, இடுக்குகளை இருட்டாக்க வேண்டியிருக்கிறது. வெயில் செய்யும் வேலையைப் பெயின்ட் செய்கிறது.

மாடல் துருவைப் பழகிய கண்ணுக்கு நிஜத் துருவும் முன்கூட்டியே தெரியும். கடலோர வீடுகளின் கான்கிரீட் கூரையில் உப்பும் ஈரமும் இறங்கி உள்கம்பி துருவேறும்போது, பெருகும் அதே கன அளவு கான்கிரீட்டைப் பிளக்கிறது. காரை பெயர்வதற்கு முன்பே கம்பியின் போக்கில் ஒரு மெல்லிய விரிசலும் பழுப்புக் கசிவும் தோன்றும். மாடலில் துருநீர்க் கோட்டை வரைந்த மாணவர், கூரையில் அதைக் கண்டதும் கோடு எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கித் தேடுவார். நீர் உள்ளே வரும் இடத்தைத் தேடத் தொடங்க வேண்டியது அங்கிருந்துதான். அடைக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். நம் மாவட்டத்துப் பள்ளி அறிவியல் மன்றங்களில் ஓர் உப்புநீர்த் துளி, ஓர் இரும்புத் தகடு, ஒரு டாங்கி மாடல் மூன்றையும் மேசையில் வைத்து இந்தப் பாடத்தை நடத்தலாம். உப்புக்காற்றில் வளரும் பிள்ளைகள் படிக்க வேண்டிய வேதியியல் இது.